என் வலது தோளும் கதவில் தொங்கிய கயிறும்

சமையலறையின் மேல்தட்டில் இருந்த தேயிலை டப்பாவை எடுக்கப் போன என் வலது கை, தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலே போகச் சொன்னேன், போகவில்லை. இடது கையால் முழங்கையைத் தாங்கி உயர்த்திப் பார்த்தேன். கதவின் மறுபக்கத்தில் யாரோ முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. பிந்தி வந்த விருந்தாளியைப் போல, வந்தபின் எழுந்து போகும் எண்ணமே அதற்கு இருக்கவில்லை.

அன்றைக்கு நான் எனக்குச் செய்துகொண்ட சிகிச்சை, டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியது. அடுத்த சில வாரங்களில் வீட்டில் தோளுக்கு மேலே இருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பருப்புப் போத்தல், குளிர்காலத் தொப்பி, வருபவர்கள் பார்க்கட்டும் என்று உயரத்தில் அடுக்கியிருந்த தடித்த புத்தகங்கள் எல்லாம் இடுப்பளவில் குடியேறின. வருபவர்கள் என்று யாரும் இல்லை என்பது புத்தகங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தனியாக இருப்பதில் இந்த வசதி உண்டு. வீட்டையே தலைகீழாக்கினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

நான் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் இருக்கிறேன். மனைவியும் நானும் பிரிந்து சில ஆண்டுகளாகின்றன. சண்டை சச்சரவு இல்லாமல், இருவருமே நல்லவர்கள் என்று ஊர் சொல்லும்படியாகப் பிரிந்தோம். அப்படிப் பிரிந்தால் ஒருவரை ஒருவர் குறை சொல்லிப் பொழுதுபோக்கவும் முடியாது. மகள் வன்கூவரில். நான் எழுதும் நீண்ட செய்திகளுக்குச் சின்னதாய் ஓர் இதயம் போட்டு அனுப்புவாள். வேலை, பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் ஒரு கம்பனிக்கு. முன்பு காரில் போய்வந்தேன். இப்போது சாப்பாட்டு மேசையிலிருந்தே செய்கிறேன். சக ஊழியர்கள் என்னைத் திரையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் பார்க்கிறார்கள். அந்தச் சதுரம் தோளோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நான் இருக்கிறேனா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆகவே என் வாரத்தில் முழு உருவத்தில் மனிதர்கள் வருவது ஞாயிறு காலையில் மட்டும்தான். ஒரு பாடசாலை ஜிம்மில் நாங்கள் நால்வர் பட்மின்ரன் ஆடுவோம். எனக்குப் பெரிய திறமை கிடையாது. ஆனால் நால்வர் ஆடும் ஆட்டத்தை மூவர் ஆட முடியாது. நான் போகாவிட்டால் உலகத்தில் ஏதாவது நின்றுபோகும் என்றால் அது அந்த ஆட்டம் ஒன்றுதான். முடிந்தபின் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, யாருடைய முழங்கால் முதலில் போகும் என்று வாதாடுவோம். வெள்ளி மாலை கணினியை மூடினால் திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்கக் கிடைக்கும் ஒரே இடம் அது.

பந்தை அடிக்கக் கை காதுக்கு மேலே போகவேண்டும். "இந்தக் கிழமை வரேல்லை, தோள் சரியில்லை" என்று குழுவுக்குச் செய்தி போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்த வாரமும் போட்டேன். கட்டைவிரல். அதற்கடுத்த வாரம் குழுவில் ஒரு படம் வந்தது: வலைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் சிரிக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். நான் இல்லாமலே நால்வர் இருந்தார்கள்.

அன்றைக்குத்தான் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். கை காதைத் தாண்டினால் ஞாயிறு உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. என் நிலைமை அவ்வளவுதான்.

ஸ்காபரோவில் ஒரு சேலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவே இருந்தது அந்த ஃபிசியோ கிளினிக். காத்திருக்கும் இடத்தில், கழுத்தைச் சுற்றிப் பட்டி போட்ட ஓர் அன்ரி என்னைப் பார்த்தார்.

"எந்த ரோட்டில, தம்பி?"

"எது அன்ரி?"

"அக்சிடென்ற்."

"அக்சிடென்ற் ஒண்டும் இல்லை அன்ரி. சும்மா இருந்த இடத்தில தோள் இறுகிப்போச்சு."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஓம் ஓம். வாய் திறக்க வேண்டாமெண்டு லோயர் சொல்லியிருப்பார். நான் ஒண்டும் கேக்கேல்லை."

எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை ஒரு மனிதன் ஃபிசியோவுக்குப் போவதற்கு ஒரே காரணம்தான்: பின்னால் வந்து இடித்த கார். அதற்கு நட்டஈட்டு வழக்கும் ஒரு லோயரும் கட்டாயம் உண்டு. யாரும் இடிக்காமலே ஒருவன் பழுதாகலாம் என்பதை நம்ப யாரும் தயாரில்லை. நானே நம்பியிருக்க மாட்டேன்.

உள்ளே இருந்த ஃபிசியோ, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "சுகர் இருக்கா அங்கிள்?" என்றாள்.

"கொஞ்சம்."

"எல்லா அங்கிளுக்கும் கொஞ்சம்தான்," என்று கணினியில் தட்டினாள். "ஃப்ரோஸன் ஷோல்டர். சுகர் இருக்கிற ஆக்களுக்குக் கூட வரும். சில பேருக்குச் சும்மாவும் வரும். நோ ரீசன்."

மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. யாரோ அதற்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள். அந்த அறையில் என்னைவிட வசதியாக நின்றது அதுதான். அவள் அதன் கையைக் கழற்றி, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைக் காட்டினாள். பிறகு அது உட்காரும் குழியைக் காட்டினாள். குழி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, அதில் தேசிக்காயை வைத்து ஓடுவோமே, அந்தக் கரண்டியளவு பள்ளம். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் பத்திரமாக அமர்ந்திருக்கிறது. தோளுக்கு எல்லாத் திசையும் போய்வர ஆசை. ஆகவே தேசிக்காயாக இருக்கச் சம்மதித்திருக்கிறது.

அந்தத் தேசிக்காய் விழாமல் பிடித்துக்கொள்வது நான்கு சின்னத் தசைகள். அவை உருண்டையைக் குழியோடு அணைத்துப் பிடிக்க, தோளின் மேல் போர்த்தியிருக்கும் பெரிய தசை கையை உயர்த்துகிறது. அந்த நான்கும் பிடிக்காவிட்டால் பெரியவர் எவ்வளவு பலசாலியாக இருந்தும் பயனில்லை. உருண்டை மேலே வழுக்கி எலும்பில் போய் இடிக்கும். கை எழும்பும்போது முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று, குழியை மேல்நோக்கித் திருப்பிக் கொடுக்கிறது. இத்தனை பேர் சேர்ந்துதான் ஒரு தேயிலை டப்பாவை எடுக்கிறார்கள்.

எனக்கு மறக்க முடியாமல் போனது வேறொன்று. எலும்பை மட்டும் பார்த்தால், கை உடம்போடு சேருவது ஒரே ஓர் இடத்தில்தானாம்: காறை எலும்பு நெஞ்சு நடு எலும்பைத் தொடுகிற அந்தச் சின்ன மூட்டில். மற்றபடி தோள்பட்டை எலும்பு முதுகில் எதோடும் பொருந்தாமல் தசைகளுக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. நான் என் நெஞ்சின் மேல்பகுதியைத் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். சுண்டுவிரல் நுனியளவுகூட இல்லை. இதை நம்பியா இவ்வளவு காலமும் மரக்கறிப் பைகளைத் தூக்கினேன்?

"மசிலுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும் அங்கிள். தள்ளத் தெரியாது."

"கதவைத் தள்ளுறமே?"

"அதுவும் இழுக்கிறதுதான். ஆர்முக்குப் பின்னால இருக்கிற மசில் இழுக்க, எல்போ நேராகுது. நீங்க தள்ளுறன் எண்டு நினைக்கிறீங்க. ஒண்டு இழுக்கேக்க எதிர்ப்பக்கம் இருக்கிறது விட்டுக் குடுக்கும். அப்பதான் மூவ்மென்ற்."

"ரெண்டும் ஒரே நேரத்தில இழுத்தால்?"

"ஜொயின்ற் அப்படியே லொக் ஆகி நிக்கும்."

இரண்டு பக்கமும் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அசைவில்லாமல் அமைதியாகத் தெரியும். எங்கள் மணவாழ்க்கையைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கையைத் தன் இரு கைகளிலும் வாங்கினாள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிட்டது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கவேண்டும், நான் எதுவும் செய்யக்கூடாது என்றாள்.

"கையை எனக்குத் தாங்கோ."

"தந்திட்டன்."

"இல்லை அங்கிள். யூ ஆர் ஹெல்ப்பிங்."

"இல்லையே."

அவள் தன் கையை எடுத்தாள். என் கை காற்றில் தானே நின்றது. இருவரும் அதைப் பார்த்தோம். கொடுத்துவிட்டேன் என்று நான் சத்தியம் செய்த கை, யாருடைய உதவியும் இல்லாமல் சிலை போல நின்றுகொண்டிருந்தது. வலி வருமுன்பே, வரப்போகிறது என்ற பயத்தில் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் இறுகிவிடுகின்றன என்று விளக்கினாள். அது என் பிழையல்ல என்றும் சொன்னாள். பிழை என்று அவள் சொல்லியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"டெய்லி வீட்டில செய்யோணும். ஆராவது எல்போவைப் பிடிச்சு மெதுவா மேல உயர்த்தோணும். வீட்ட யார் இருக்கிறாங்க?"

"நான் இருக்கிறன்."

அவள் கணினியில் எதையோ அழித்தாள். "அப்ப புல்லி ஒண்டு வாங்குங்கோ. டோருக்கு மேல போடுறது. நல்ல கை இழுக்க, மற்றக் கை மேல போகும்."

அது ஒரு சின்னக் கப்பி. இரண்டு பக்கமும் கைபிடி வைத்த கயிறு அதன் வழியே ஓடும். கடையில் விலையைப் பார்த்ததும், நானே செய்வேன் என்ற ஒரு வீரம் வந்தது. துணி காயப்போடும் நைலோன் கயிறு வீட்டில் இருந்தது. இரும்புக் கடையில் ஒரு கொளுக்கியும் கப்பியும் வாங்கிப் படுக்கையறைக் கதவின் உச்சியில் மாட்டினேன். கைபிடிக்குப் பதிலாக ஒரு நுனியில் வலது கையை நுழைக்க ஒரு வளையம் முடிந்தேன். கதவடியில் ஒரு நாற்காலி போட்டேன். மாலைகளில் அதில் உட்கார்ந்து இடது கையால் இழுப்பேன். வலது கை முனகிக்கொண்டு எழும்பும். ஒரே ஆள் தன்னைத் தானே கிணற்றிலிருந்து இறைப்பது போல. இடது கை இழுக்கும்போது வலது கை நம்பாது. இரண்டும் என்னுடையவை, இரண்டுக்கும் மற்றதைத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. பட்மின்ரன் நால்வரில் மூத்தவரும் அவர் மனைவியும் நின்றார்கள். அண்ணை மன்னார்க்காரர், நகர பஸ் ஓட்டுகிறார். அக்காவின் கையில் ஒரு பெட்டி முந்திரிகைப் பழமும் ஒரு பானை சூப்பும்.

"என்ன ஐசே, ஹைவேயில கார் பிரண்டு உருண்டதாம். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"ஆர் அண்ணை சொன்னது?"

"கிளினிக்கில ஆரோ ஒரு அன்ரி, இவவின்ர தங்கச்சிக்குச் சொன்னவவாம்."

"கார் கீழதான் நிக்குது. ஒரு கீறலும் இல்லை."

"அதைத்தான் நானும் பாத்தனான்," என்றார் அண்ணை. "காருக்கு ஒண்டும் இல்லை. அப்ப உமக்கு என்ன?"

நான் தேசிக்காய், கரண்டி, உறை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பாத்ரூமுக்குப் போனார். படுக்கையறையைத் தாண்டித்தான் போகவேண்டும். திரும்பி வரும்போது அவர் கையில் செபமாலை இருந்தது. கணவரைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். அண்ணை எழுந்து படுக்கையறைப் பக்கம் போனார். வந்தவர், எதிர்க் கதிரையை விட்டு என் பக்கத்தில், என் நல்ல தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்தார். சூப் ஆறியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் மனதுக்குள் அந்தக் கதவடிக்குப் போய் நின்று பார்த்தேன். கயிறு, வளையம், கீழே நாற்காலி. தனியாக வாழும் ஆண்.

"அண்ணை, உது எக்சசைஸ்."

"ஓம் ஓம்."

"உண்மையா. இஞ்ச பாருங்கோ, செய்து காட்டுறன்." எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து வளையத்தைப் பிடித்தேன்.

"மாதாவே! விடுங்கோ தம்பி, விடுங்கோ!" என்று அக்கா கத்தினார். அண்ணை ஒரே பாய்ச்சலில் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வயது அறுபதை நெருங்கும் மனிதர். ஆட்டத்தில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்த்ததில்லை.

விளக்க விளக்க அவர்களுக்கு என் மேல் இரக்கம் கூடியது. நான்கு சின்னத் தசைகளைப் பற்றி நான் சொன்னபோது அக்கா கண்ணைத் துடைத்தார். அண்ணை தற்செயலாகப் போவதுபோல் பல்கனிக் கதவருகே போய், அது பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் மாலை வேலை முடிந்து சீருடையோடேயே வந்தார்.

"உந்தக் கயித்தை விடும். நான் பிடிக்கிறன். எப்பிடிப் பிடிக்கவேணும்?"

சொன்னேன். முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தார். எத்தனையோ காலம் பெரிய ஸ்டியரிங்கைச் சுற்றிய கை. சொரசொரப்பும் வெதுவெதுப்புமாக இருந்தது. கடைசியாக இன்னொரு மனிதரின் கை என் மேல் பட்டது எப்போது என்று யோசித்தேன். முடிவெட்டுபவர். அதற்கு முன்னும் முடிவெட்டுபவர்தான்.

அதன்பிறகு வேலையில்லாத மாலைகளிலெல்லாம் வந்தார். அவர் வராத மாலையில் அக்கா தொலைபேசி எடுத்து, "சாப்பிட்டியளோ தம்பி? என்ன கறி?" என்று கேட்பார். கறியின் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது. ஆகவே பொய் சொல்லாமலிருக்கச் சமைக்கத் தொடங்கினேன். கை மட்டும் அசையவில்லை. கன்னத்தளவில் வந்து நின்றுவிடும்.

"விடும் ஐசே, நீர்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்," என்பார் அண்ணை. அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு மாலை சுவரைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, ஒண்டு கேப்பன்," என்றார்.

"கேளுங்கோ."

"ராவில நித்திரை வருதோ?"

"வருது அண்ணை."

அவர் கேட்க வந்தது அதுவல்ல. என் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினார். கொஞ்சம் இறக்கினார். "வேற ஒண்டும்... யோசிக்கிறேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. சத்தியமா."

"ஓம் ஓம்," என்றார்.

நான் சொன்னது உண்மை. அப்படியொரு எண்ணம் எனக்கு வந்ததில்லை. கயிற்றைப் பற்றி அவர்கள் நினைத்தது முழுப் பிழை. ஆனால் கயிற்றோடு சேர்த்து அவர்கள் வீட்டையும் பார்த்தார்கள்: எல்லாமே இடுப்பளவில் இறங்கிப்போன தட்டுகள், கழுவி வைத்த ஒரே ஒரு கோப்பை, உள்ளே எதுவும் இல்லாத மேல் அலுமாரிகள். அதையும் பிழை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் ஒன்றும் இருக்கவில்லை.

குளிர் கொஞ்சம் விட்ட ஒரு மாலை, அண்ணை கையைப் பிடித்தபடி எனக்குப் பதிலாக வந்த நான்காம் ஆளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். படத்தில் சிரித்தவர்களில் ஒருவன்; பல் டொக்டர். அதுவரை அந்தப் பேச்சை எடுக்காமல் கவனமாக இருந்தார்.

"நேற்று நான் ஒரு அடி அடிச்சனான் பாரும், 'ஆ' எண்டு வாயைத் திறந்து, முழுப் பலத்தோட. பந்து அங்கால விழுந்திட்டுது. பொயின்ற் எங்களுக்கு. எல்லாரும் கை தட்டுறாங்கள். உவன் வலைக்கு அங்கால நிண்டு என்னையே பாக்கிறான். 'என்ன தம்பி, நல்ல அடியோ?' எண்டு கேட்டன். 'அங்கிள், மேல் வரிசையில பின்னுக்கு ஒரு சூத்தைப் பல்லு, செவ்வாய்க்கிழமை வாங்கோ' எண்டான்."

நான் சிரித்தேன்.

"கேளுமன். இப்ப ஒருத்தரும் வாயைத் திறக்கிறாங்களில்லை. மூண்டு கிழவங்கள், உதட்டை இறுக்கிக்கொண்டு, 'ம்ம், ம்ம்' எண்டு மாடு மாதிரி விளையாடுறம்!"

அவர் என் முழங்கையை விடாமலே, உதட்டை மூடி மற்றக் கையால் அடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. வயிற்றைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. பிடிக்க வலது கையைத் தேடினேன். அதைக் காணவில்லை. அது காதைத் தாண்டி, என் தலைக்கு மேலே, அண்ணையின் உள்ளங்கையில் இருந்தது. முதுகில் தோள்பட்டை எலும்பு, நெடுநாள் இறுகியிருந்த மேசை லாச்சி திறப்பதுபோல வழுக்கிப் போயிருந்தது.

"எங்க ஐசே நிக்குது உம்மட கை?"

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்தது. வலிக்கவில்லை. கை எழும்பிவிட்டால் இந்த மாலைகள் முடிந்தன என்பது என் தசைகளுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்குமோ என்று தோன்றியது. கையை மெல்ல இறக்கினேன். மறுபடி உயர்த்தினேன். போனது.

"சரி. ஞாயிறு வாரும்," என்றார். "அஞ்சு பேர் மாறி மாறி நிப்பம். உவன் வெளியில நிக்கேக்க நானும் கொஞ்சம் வாயைத் திறக்கலாம்."

ஜாக்கெட்டைப் போட்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி, சப்பாத்தைக் கழற்றாமல் படுக்கையறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"எனக்கும் இப்ப வலது தோள் கொஞ்சம் பிடிக்குது ஐசே. உதை நான் கொண்டுபோய்ச் செய்து பாக்கிறன்," என்றார். சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கி, ஒரு முனகலும் இல்லாமல், கதவின் உச்சியிலிருந்து கொளுக்கியைக் கழற்றினார். வளையத்தை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, அவசரப்படாமல் நின்று அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி ஜாக்கெட் பைக்குள் வைத்து, சிப்பையும் இழுத்து மூடினார்.

"தோள் நோகுது எண்டால் சும்மா விடக்கூடாதுதானே," என்றார்.

"ஓம் ஓம், அண்ணை," என்றேன்.